ராமநாதபுரம் கடற்கரையில் தங்குவோருக்கு: குறைந்த செலவில் நல்ல அறையும் நல்ல கவனிப்பும்

ராமேஸ்வரத்தில் அறை வாடகை எவ்வளவு என்று கேட்டால், விடுதிக்காரர் முதலில் எந்தத் தேதிக்கு என்றுதான் திருப்பிக் கேட்பார். ஏசி உண்டா, எத்தனை கட்டில் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாதாரணச் செவ்வாய், புதன்கிழமைகளில் சொன்ன வாடகையிலிருந்து இறங்கி வரும் அதே விடுதி, தை அமாவாசைக்கு முந்தைய இரவில் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். அந்த வாடகைக்கும் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஆகவே இந்தக் கரையில் தங்கும் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ராமநாதபுரம், தேவிபட்டினம், ஏர்வாடி ஆகிய ஊர்களில் குடும்பத்தோடு நடுத்தரச் செலவில் தங்க வருவோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

தை, ஆடி, மகாளய அமாவாசைகள் மூன்றும் ராமேஸ்வரத்தில் ஆண்டின் பெருங்கூட்ட நாட்கள். மற்ற அமாவாசைகளிலும் கூட்டம் உண்டு. அந்த நாளும் சனி, ஞாயிறும் அடுத்தடுத்து வந்துவிட்டால் அது சிறு திருவிழாவாகிவிடும். மாசி மகா சிவராத்திரி, ஆடித் திருக்கல்யாணம், பள்ளிக் கோடை விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் ஆகியவற்றைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுவது வேறு இரண்டு. கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்கள், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து பேருந்து பேருந்தாக ராமேஸ்வரத்துக்கும் வருவார்கள். பெரிய அறைகளும் கூடங்களும் அப்போது கிடைப்பது அரிது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ நடக்கும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுவோர் ராமேஸ்வரத்திலிருந்துதான் புறப்படுவார்கள் என்பதால், அந்த இரண்டு மூன்று நாட்களும் ஊர் நிறைந்திருக்கும்.

ராமநாதபுரத்துக்கு வேறொரு கணக்கு. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பு களையப்படும் நாளில், மாவட்டத் தலைநகரின் விடுதிகள் நிரம்பிவிடும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா இஸ்லாமிய நாட்காட்டியின்படி வருவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகரும். போன ஆண்டு இந்த மாதத்தில் கூட்டமில்லை என்பதை வைத்து இந்த ஆண்டு திட்டமிடக் கூடாது.

நாளை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு எளிய வழி, அமாவாசையிலிருந்து நான்கைந்து நாள் தள்ளி, திங்கள் முதல் வியாழனுக்குள் வருவதுதான். ஆனால் பெற்றோருக்குத் திதி கொடுக்க வருபவரிடம் போய் நாளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. அவர் தங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ராமேஸ்வரத்தைப் போலவே தேவிபட்டினமும் சேதுக்கரையும் காலங்காலமாகப் புகழ்பெற்றவை. ராமநாதபுரம் நகரிலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கிலோமீட்டர். திருப்புல்லாணி சுமார் 10 கிலோமீட்டர், அதைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் சேதுக்கரை. ராமநாதபுரத்தில் அறை எடுத்து, விடியுமுன் கிளம்பி, கடலில் காரியத்தை முடித்துக்கொண்டு, கூட்டம் வடிந்த மறுநாள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு வாடகையும் மிச்சம், தரிசனமும் நிதானமாகக் கிடைக்கும். வயதானவர்களை அழைத்து வரும் குடும்பங்களுக்கு நான் இதைத்தான் எப்போதும் சொல்வது.

எந்த இடத்தில் தங்குவது

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும் சன்னதித் தெருவிலும் உள்ள அறைகளுக்கு, வசதியில் அதேபோன்ற பேருந்து நிலையப் பக்கத்து அறைகளைவிட வாடகை கூடுதல். இந்தக் கூடுதல் பணம் வீணா என்பது நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தீர்த்தமாட வருகிறவர் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, பிறகு கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத் துணியை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனத்துக்குப் போக வேண்டும். நடக்கச் சிரமப்படும் அம்மாவோ கைக்குழந்தையோ உடன் இருந்தால், ஐந்து நிமிட நடையில் அறை இருப்பது அந்தக் காலைப்பொழுதையே மாற்றிவிடும். அங்கே கொடுக்கும் கூடுதல் வாடகை தகும். ரத வீதிகளில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் காரில் வருவோர், விடுதிக்குச் சொந்தமாக வண்டி நிறுத்தும் இடம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து பெட்டியை எவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். “பார்க்கிங் இருக்கு” என்ற பதில் போதாது. அது அரைக் கிலோமீட்டர் தள்ளிய காலி மனையாகவும் இருக்கலாம்.

தனுஷ்கோடியையும் கடலையும் பார்க்க மட்டும் வருவோருக்குக் கோயில் வாசலில் அறை தேவையே இல்லை. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் அமைதியான இடங்கள் கிடைக்கும். தனுஷ்கோடியிலேயே தங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரில் இரவு தங்க அனுமதியில்லை. மாலையானதும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனுஷ்கோடி என்று பெயர் போட்டு விளம்பரம் செய்யும் விடுதி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

வாடகையை ஒப்பிடும்போது போக்குவரத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். கோயிலருகே 1,800 ரூபாய்க்கு ஓர் அறை, மூன்று கிலோமீட்டர் தள்ளி 1,300 ரூபாய்க்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பம் கடலுக்கும் கோயிலுக்குமாக ஒரு நாளில் நான்கு முறை ஆட்டோ ஏறினால் அந்த 500 ரூபாய் மிச்சம் கரைந்து, மேலும் கையிலிருந்து போகும். கோயில் நடை மதியம் 1 மணியளவில் சாத்தப்பட்டு 3 மணியளவில் திறக்கும் என்பதால், காலையும் மாலையும் தரிசனத்துக்குப் போக நினைப்பவருக்கு இந்தப் போக்குவரத்துக் கண்டிப்பாக இரட்டிப்பாகும். இருவர் மட்டும் வந்து, நகரப் பேருந்தில் ஏறவும் தயங்காதவர்களாக இருந்தால் தள்ளி இருக்கும் அறையே லாபம்.

சத்திரம், கோயில் விடுதி, அரசு விடுதி

தனியார் லாட்ஜ் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். சேது யாத்திரை வருவோருக்குச் சோறும் இடமும் கொடுப்பதைச் சேதுபதி மன்னர்கள் தங்கள் கடமையாகவே கொண்டு வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். தனுஷ்கோடிப் பாதையில் உள்ள முகுந்தராயர் சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் அந்த வழக்கம் இன்னும் தெரிகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், பல மடங்கள், வடமாநிலத்தவரின் தர்மசாலைகள் என்று ராமேஸ்வரத்தில் இன்றும் பல உண்டு. கோயில் நிர்வாகமும் தங்கும் அறைகளை வைத்திருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் கடலருகே இருக்கிறது. இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

சத்திரத்திலோ மடத்திலோ தங்குவதாக இருந்தால் அதன் ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும். சில இடங்கள் தங்கள் சமூகத்தாருக்கோ அவர்கள் கடிதம் கொடுத்து அனுப்பியவர்களுக்கோதான் அறை கொடுக்கும். தனியாக வருபவருக்கு இடமில்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாசற்கதவு சாத்தப்படும். சைவ உணவு மட்டுமே. வெளியிலிருந்து மீன் குழம்பு வாங்கிவந்து அறையில் சாப்பிடுவது பெருந்தவறாகக் கருதப்படும். இவற்றுக்கு உடன்படுபவருக்குச் சத்திரத்தைப் போல மனநிறைவான, செலவு குறைந்த இடம் வேறில்லை. வாடகை என்று பெரிதாக வாங்காத இடத்தில், கிளம்பும்போது உண்டியலிலோ ரசீது வாங்கிக்கொண்டோ நம்மால் இயன்றதைக் கொடுப்பதுதான் மரியாதை.

பேசுவதும் பதிவு செய்வதும்

பதிவுச் செயலியில் விலையைப் பாருங்கள். படங்களையும், அண்மையில் தங்கியவர்கள் எழுதியதையும் படியுங்கள். பிறகு விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். செயலிக்குக் கொடுக்க வேண்டிய தரகுத் தொகை மிச்சமாவதால், சிறு விடுதிகள் நேரடியாக வருபவருக்குக் குறைத்துக் கொடுக்க முன்வருவது வழக்கம். விலையைக் குறைக்க மறுத்தாலும், இரண்டு மணி நேரம் முன்னதாக அறைக்குள் விடுவது, குழந்தைக்குக் கூடுதல் மெத்தை போடுவது போன்ற சலுகையைக் கேட்கலாம். விடுதிக்காரருக்கு இதில் கைச்செலவு குறைவு என்பதால், நூறு ரூபாய் குறைப்பதைவிட இதற்கு எளிதாகச் சம்மதிப்பார்.

தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேசியதை அதே எண்ணுக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிட வேண்டும். நான் உறவினர்களுக்கு எழுதிக் கொடுக்கும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் அண்ணே. காலையில போன்ல பேசினது நாங்கதான். புதன்கிழமை காலை 6 மணிக்கு வர்றோம், வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புறோம். பெரியவங்க மூணு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர். ஏசி ரூம் ஒண்ணு, கீழ்த்தளம் இல்லைன்னா லிஃப்ட் இருக்கிற மாடி. வரியெல்லாம் சேர்த்து 2,100 ரூபாய்னு சொன்னீங்க. கூடுதல் மெத்தைக்குத் தனியாக் காசு இல்லைன்னும் சொன்னீங்க. சரின்னு ஒரு வரி போட்டுருங்க, அட்வான்ஸ் அனுப்பிடுறேன்.”

இதற்கு “சரி” என்று ஒரு சொல் வந்துவிட்டால், ஆள் மாறினாலும் பேச்சு மாறாது. காலையில் பேசியவர் ஒருவர், நீங்கள் வந்து இறங்கும்போது மேசையில் இருப்பவர் வேறொருவர் என்பது இங்கே அன்றாடம் நடப்பது. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இருவருக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன.

மேலே உள்ள செய்தியில் நேரத்தை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பிட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சில விடுதிகள் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கணக்கிடுகின்றன. சில விடுதிகளில் நீங்கள் எப்போது வந்தாலும் மறுநாள் மதியம் 12 மணி, அல்லது காலை 10 மணியோடு நாள் முடிந்துவிடும். அதிகாலை ரயிலில் வந்து இறங்கும் குடும்பம் இரண்டாவது வகை விடுதியில் காலை 6 மணிக்குப் போய் நின்றால், ஒன்று மதியம் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே வாடகை சொல்லும் இரண்டு விடுதிகளில் எது மலிவு என்பதை இந்த ஒரு கேள்வியே தீர்த்துவிடும்.

வரியைப் பற்றியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு முன்பு 12 விழுக்காடாக இருந்தது. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்கு 18 விழுக்காடு. அதாவது 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய்தான் வரி. பழைய கணக்கில் 240 ரூபாய் போட்டிருந்தால் பணிவாகச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லலாம். வரி வாங்கும் விடுதியின் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு செய்யாத சிறு விடுதி வரி என்று எதையும் வசூலிக்க முடியாது. ஆகவே “பில் வேண்டாமென்றால் வரி இல்லை” என்ற பேரத்துக்கு இணங்காதீர்கள். கையில் ரசீது இல்லாமல் போனால், பிறகு எந்தக் குறையையும் எடுத்துச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்காது.

முன்பணம் அனுப்பும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். புகழ்பெற்ற விடுதிகளின் பெயரிலும் யாத்திரைத் தலங்களின் தங்குமிடங்கள் பெயரிலும் போலி இணையதளங்களைத் தொடங்கி, அதில் தங்கள் கைப்பேசி எண்ணைப் போட்டு ஏமாற்றும் கும்பல்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை நம்பாமல், கோயில் விடுதிக்குக் கோயிலின் அதிகாரபூர்வத் தளத்தையும், அரசு விடுதிக்குச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தளத்தையும் மட்டுமே பயன்படுத்துங்கள். முழு வாடகையையும் உடனே அனுப்பச் சொல்வதும், “இன்னும் பத்து நிமிடத்தில் அறை போய்விடும்” என்று அவசரப்படுத்துவதும், பணம் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிக் க்யூஆர் குறியீட்டை அனுப்பி ரகசிய எண்ணைப் போடச் சொல்வதும் மோசடியின் அடையாளங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த அடுத்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தால், பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

முன்பதிவு செய்யாமல் வந்து இறங்குவோர், ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ “ரூம் வேணுமா” என்று கேட்டு வருபவர்கள் பின்னால் உடனே போக வேண்டாம். அழைத்துச் செல்பவருக்கு விடுதி கொடுக்கும் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். அவர்களுக்கும் அது பிழைப்பு என்பதால் கடிந்து பேச வேண்டியதில்லை; ஆட்டோவில் கோயில் பக்கம் இறங்கிக்கொண்டு, நீங்களே நடந்து இரண்டு மூன்று விடுதிகளில் கேளுங்கள். பெரியவர்களையும் மூட்டைகளையும் ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு ஒருவர் மட்டும் போய்க் கேட்பது நல்லது. மூட்டை முடிச்சோடு குடும்பமே மேசை முன் வந்து நின்றால், இனி எங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வாடகை இறங்காது.

அறையைப் பார்த்து வாங்குதல்

பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அறையைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். இந்தப் பக்கத்தில் “உப்புத்தண்ணி”, “நல்ல தண்ணி” என்ற பிரிவு வீட்டுக்கு வீடு உண்டு. குளியலறைக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்துச் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை எழாமல் சோப்புத் திரிதிரியாகப் பிரிந்தால் அது உப்புத்தண்ணீர். குளித்தபின் உடம்பு பிசுபிசுக்கும், தலைமுடி சிக்குப் பிடிக்கும். குழாயடியில் வெள்ளைப் படிவும், ஷவர் துளைகள் பாதி அடைபட்டிருப்பதும் அதையே சொல்லும். கடலாடிவிட்டு வந்து நல்ல தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொள்ளத்தானே அறை எடுக்கிறோம்? சில விடுதிகளில் குளியலறைக் குழாயில் உப்புத்தண்ணீர் வந்தாலும், கேட்டால் ஒரு பெரிய வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்காதவருக்கு அது கிடைக்காது.

அடுத்தது வெந்நீர். ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை 5 மணியளவில் தொடங்கும் என்பதால், அதற்குப் போகிறவர் 4 மணிக்கெல்லாம் குளிக்க வேண்டும். வெந்நீர் 24 மணி நேரமும் வரும் என்று பலகையில் எழுதியிருந்தாலும், சூரிய வெப்பத் தொட்டியை நம்பியிருக்கும் இடத்தில் மழைக்கால விடியலில் பச்சைத் தண்ணீர்தான் வரும். அறையிலேயே கீசர் இருக்கிறதா, இல்லையென்றால் 4 மணிக்கு வாளியில் தருவார்களா என்று முந்தைய மாலையே சொல்லி வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, உள்ளே இருந்து எளிதாகத் திறக்க வருகிறதா என்பதைக் குழந்தைகளோடு வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏசியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, மின்விசிறி மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் வாடகை கேட்டால், ஆனி, ஆடி மாதங்களில் பலமாக அடிக்கும் கச்சான் காற்றில் அந்த ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா என்று யோசியுங்கள். மணல் உள்ளே வந்து கட்டிலெல்லாம் படிந்துவிடும். என் கணிப்பில், இரண்டு நாள் கோயிலும் தனுஷ்கோடியுமாகச் சுற்றப் போகிறவருக்குக் கடல் தெரியும் அறை தேவையில்லாத செலவு.

அடையாள அட்டைக்கு ஆதார் கேட்பார்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கி வைத்திருந்தால் அதையே கொடுக்கலாம். நகல் கொடுப்பதாக இருந்தால் அதன் மேல் “இந்த விடுதியில் தங்குவதற்கு மட்டும்” என்று எழுதித் தேதியிடுங்கள்.

நல்ல கவனிப்பு எங்கிருந்து வருகிறது

நல்ல கவனிப்பைக் கொடுப்பவர்கள், மேசையில் இருக்கும் மேலாளரைவிட, அறையைத் துடைக்கும் அக்காவும் தண்ணீர் கொண்டுவரும் தம்பியுமே. பெருங்கூட்ட நாளில் ஒருவரே இருபது முப்பது அறைகளைப் பார்ப்பார். அவரிடம் மணிக்கொரு முறை ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட, வந்தவுடன் பெயரைக் கேட்டுக்கொண்டு, துண்டு இரண்டு, தலையணை ஒன்று, குடிதண்ணீர், காலை 4 மணிக்கு வெந்நீர் என்று தேவைகளை ஒரே தடவையில் சொல்லிவிட்டால் அவருக்கும் மாடிப்படி மிச்சம், உங்களுக்கும் எல்லாம் நேரத்துக்கு வரும். “கோயிலுக்குப் போறோம் அக்கா, ஒன்பது மணிக்கு மேல கூட்டி வச்சிருங்க” என்று நேரம் சொல்லிச் சாவியை மேசையில் கொடுத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அறை துப்புரவாக இருக்கும். விலையுயர்ந்த பொருட்களை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

விருந்தினரிடம் அவர்கள் எதிர்பார்ப்பதும் சிறிய விஷயங்கள்தான். கடலிலிருந்து வந்த காலோடு நேரே அறைக்குள் போனால், மணல் கழிவுநீர்த் துளையை அடைத்துக்கொள்ளும். கீழே குழாய் எங்கே என்று கேட்டுக் காலைக் கழுவிக்கொண்டு ஏறுங்கள். தீர்த்தமாடிய ஈர வேட்டி சேலையைக் கட்டிலிலும் மின்விசிறியிலும் விரிக்காமல், மொட்டை மாடியில் கொடி கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்; பெரும்பாலும் இருக்கும், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தும் விடும். இப்படி நடந்துகொள்ளும் குடும்பத்துக்குக் கேட்காமலேயே கூடுதல் துண்டு வரும்.

அன்பளிப்பைக் கிளம்பும் நேரத்தில் மேசையில் மொத்தமாகக் கொடுத்தால், அறையைத் துடைத்தவர் கைக்கு அது போய்ச் சேருமா என்பது உறுதியில்லை. அவரவர் கையிலேயே கொடுங்கள். இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் முதல் நாள் மாலையே ஒரு பகுதியைக் கொடுத்துவிடுவது நல்லது. மறுநாள் வேறொருவர் பணியில் இருக்கலாம். கழிப்பறையைக் கழுவும் பெண்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு.

ஏதாவது குறை இருந்தால் உடனே, தாழ்ந்த குரலில், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஏசி சரியில்லை” என்பதைவிட, “ஏசி குளிரவில்லை, இன்று இரவுக்கு வேறு அறை கிடைக்குமா?” என்று கேட்டால் மேலாளருக்குச் செய்ய வேண்டியது தெளிவாகும். இரவு முழுக்கப் பொறுத்திருந்துவிட்டுக் காலையில் வாடகையைக் குறைக்கச் சொன்னால், அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, முன்பு பேசிய அதே வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பி வைப்பதும் உதவும்.

சாப்பாடும் சுற்றுலாவும்

காலைச் சிற்றுண்டியோடு சேர்த்து வாடகை சொல்லும் விடுதியில், அது இல்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள். காலையில் தீர்த்தமாடப் போகிறவர்கள் விடுதியின் சிற்றுண்டி நேரத்துக்குத் திரும்புவதே அரிது. கோயில் பக்கத்து உணவகங்கள் பெரும்பாலும் சைவம்; மீன் சாப்பாட்டுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அப்போது மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும். விலைப்பட்டியலில் எழுதாத மீன் வறுவலுக்கு விலை கேட்காமல் சொல்லிவிடக் கூடாது. உணவக ரசீதில் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

விடுதி மேசையில் ஏற்பாடு செய்து தரும் “தனுஷ்கோடி, ராமர் பாதம், கலாம் நினைவிடம்” சுற்றுலாவில் எந்தெந்த இடங்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், காத்திருப்புக் கட்டணம் உண்டா என்பதைக் கேட்டுவிட்டு, தெருவில் நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடம் முதன்மைச் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் வரும்போதோ திரும்பும்போதோ பார்த்துவிடலாம்; அதற்கென்று தனி வண்டிச் செலவு தேவையில்லை. தனுஷ்கோடிக்கு அரசு நகரப் பேருந்தும் உண்டு.

மழைக்காலமும் ரத்தும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடகை குறைவாகக் கிடைக்கும் நாட்கள் பல உண்டு. ஆனால் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் பயணமே தடைப்படலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்திலும், காற்றின் வேகம் வரம்பை மீறினால் ரயிலை நிறுத்திவைப்பார்கள். ஆகவே இந்த மாதங்களில் பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற கேள்வியோடு, தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரத் தயங்கும் சிறு விடுதிக்காரர்கூட, “ஒரு மாதத்துக்குள் வேறு நாளில் வருகிறோம், அதில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ரயில் ரத்தானதற்கான குறுஞ்செய்தியைக் கையோடு அனுப்பி வையுங்கள்.

கிளம்பும் நாள்

சென்னை செல்லும் ரயில்கள் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகே புறப்படுகின்றன. அறையையோ மதியத்துக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும். இந்தச் சில மணி நேரத்துக்காக இன்னொரு நாள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. பெட்டிகளை மேசைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்களா, கிளம்பும் முன் முகம் கழுவி உடை மாற்ற ஒரு குளியலறை தருவார்களா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று அறைகள் எடுத்த குடும்பம், ஓர் அறையை மட்டும் அரை நாள் வாடகையில் மாலை வரை வைத்துக்கொள்வது சிக்கனமான வழி.

கணக்கை முடிக்க, கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே மேசைக்குப் போங்கள். ரசீதில் வாடகை, வரி, கூடுதல் மெத்தை, அறைக்கு வரவழைத்த காபி ஆகியவற்றைத் தனித்தனியே சரிபார்த்து, ஒப்புக்கொண்ட வாட்ஸப் செய்தியோடு வைத்துப் பாருங்கள். வைப்புத்தொகை கொடுத்திருந்தால், அறையைப் பார்த்துவிட்டு உங்கள் கண்ணெதிரேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால் எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். பேசித் தீராத குறை இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். அவர்கள் முதலில் கேட்பது ரசீதைத்தான். அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்ட பிறகே விடுதியை விட்டு இறங்குங்கள்.